ஒரு சாது எஞ்சின் மிரண்ட கதை

1951 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் மோட்டார் கண்காட்சி நடந்தது. ஆஸ்டின் கம்பெனி தன் மேடையில் ஏ30 என்ற குட்டிக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. உலகப்போர் முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் பிரிட்டன் நிமிர்ந்தபாடில்லை. பெட்ரோல் ரேஷன் ஒழிந்தே ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. சம்பளக்காரக் குடும்பம் ஒன்று சனிக்கிழமை சந்தைக்கும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் சிக்கனமாகப் போய்வர வேண்டும். அந்தத் தேவைக்கு அளவெடுத்துச் செய்த வண்டி அது. பானெட்டுக்குள் 803 சிசி எஞ்சின், 28 குதிரைத்திறன். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடுவதற்குள் அதற்கு நாக்குத் தள்ளிவிடும். பன்னிரண்டு வருடம் கழித்து இதே எஞ்சினின் வாரிசு, 4.7 லிட்டர் அமெரிக்க அசுரன் ஒன்றை ஆல்ப்ஸ் பனியில் மடக்கப்போகிறது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், அரங்கமே சிரித்திருக்கும்.

அந்த எஞ்சினுக்குக் கம்பெனி வைத்த பெயர் ஏ-சீரிஸ். ஆஸ்டினில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 1200 சிசி எஞ்சினைச் சுருக்கிச் செய்ததுதான் இது. அந்தப் பெரிய எஞ்சினின் வழிவந்த 1489 சிசி பி-சீரிஸ்தான் பல வருடங்கள் நம் ஊர் அம்பாசடரை இழுத்தது. ஏ-சீரிஸுக்கு வார்ப்பிரும்பில் பிளாக், வார்ப்பிரும்பில் ஹெட், நான்கு சிலிண்டர்கள். ஓரளவு கைப்பழக்கம் உள்ள எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டிவிடலாம். ஆடம்பரம் என்று சொல்ல அதில் ஒன்றே ஒன்று இருந்தது. சிலிண்டர் ஹெட்டுக்காக ஹாரி வெஸ்லேக் என்பவரை ஆஸ்டின் அழைத்திருந்தது. எஞ்சினுக்குள் காற்று போகும் வழியை அளந்து பார்த்துச் செதுக்குவதில் பேர்போன ஆள்; ஜாகுவார் கார்களின் ஹெட்டுகளுக்குப் பின்னாலும் அவர் கை இருந்தது. அன்றைய பெட்ரோல் மட்டமானது. கொஞ்சம் அழுத்தினாலே எஞ்சின் ‘தட்டும்’. வெஸ்லேக் எரியறையை இதய வடிவில் குடைந்தார். இரண்டு வால்வுகளுக்கும் நடுவே ஒரு மேடு நீட்டிக்கொண்டிருக்க, உள்ளே வரும் கலவை சுழன்று, சீராக எரிந்தது. நோஞ்சான் எஞ்சினுக்குள் ஒரு பந்தயக்காரரின் மூளை நுழைந்துவிட்டது. ஆனால் கூடவே ஒரு கோளாறும் ஒட்டிக்கொண்டது.

செலவைக் குறைக்கவும் எஞ்சினைக் கையடக்கமாக வைக்கவும், காற்று உள்ளே வரும் வழி, புகை வெளியேறும் வழி, வால்வைத் தள்ளும் கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் திணித்திருந்தார்கள். இடம் போதவில்லை. அதனால் நான்கு சிலிண்டர்களுக்குக் காற்று வர இரண்டே வழிகள்; புகை போக மூன்றே வழிகள். ஒரே குழாயடியில் இரண்டு வீட்டார் குடம் வைத்த நிலைமைதான். ஒன்றாவது சிலிண்டரும் இரண்டாவதும் அடுத்தடுத்து மூச்சு இழுக்கும். மூன்றும் நான்கும் அப்படியே. ஒன்று இழுத்து முடிப்பதற்குள் இன்னொன்று கையை நீட்டும். மெதுவாகப் போகும்போது பிரச்சினை தெரியாது. வேகம் ஏற ஏற, ஒருவர் பங்கை மற்றவர் பறிப்பார். சந்தைக்குப் போய்வரும் காருக்கு இதனால் என்ன குறை என்று பொறியாளர்கள் விட்டுவிட்டார்கள். இந்த ஐந்து துளைகள் பின்னாளில் ஒரு தலைமுறை மெக்கானிக்குகளின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

1952-இல் ஆஸ்டினும் அதன் பரம எதிரி மோரிஸும் ஒரே நிறுவனமாயின. பெயர் பிஎம்சி. இரண்டு வீட்டுக்கும் ஒரே எஞ்சின் என்று ஆனதும், ஏ-சீரிஸ் மோரிஸ் மைனருக்குள்ளும் புகுந்தது. 1956-இல் அதன் கொள்ளளவை 948 சிசி ஆக உயர்த்தினார்கள். இலங்கைச் சாலைகளில் இன்றும் செல்லமாகப் பேணப்படும் மோரிஸ் மைனர் 1000-இன் முதல் எஞ்சின் இதுதான். நம்பகமான, அமைதியான, யாருக்கும் தொந்தரவு தராத எஞ்சின் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. அதன் கதை இதோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவிடாமல் செய்தவர் எகிப்து அதிபர் நாசர்.

1956 ஜூலையில் அவர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். போர் மூண்டது, கால்வாய் அடைபட்டது, டிசம்பரில் பிரிட்டனில் மறுபடி பெட்ரோல் ரேஷன். ஜெர்மனியிலிருந்து வந்த முட்டை வடிவ மூன்று சக்கரக் குமிழிக் கார்கள் லண்டன் தெருக்களில் உருளத் தொடங்கின. பிஎம்சி தலைவர் லெனார்ட் லார்டுக்கு அந்தக் கார்களைக் கண்டாலே ஆகாது. 1957 மார்ச்சில் தன் வடிவமைப்பாளர் அலெக் இஸ்ஸிகோனிஸைக் கூப்பிட்டு, இவற்றைச் சாலையிலிருந்தே துரத்தும்படி ஒழுங்கான ஒரு சின்னக் கார் வேண்டும் என்றார். எப்படி வேண்டுமானாலும் வரையலாம். ஒரே ஒரு நிபந்தனை. எஞ்சின் மட்டும் ஏற்கெனவே கம்பெனியில் இருப்பதாக இருக்க வேண்டும்.

இருந்ததில் சின்னது ஏ-சீரிஸ்தான். ஸ்மிர்னாவில் பிறந்து, அகதியாக இங்கிலாந்து வந்து, மோரிஸ் மைனரை வரைந்து புகழ்பெற்றவர் இஸ்ஸிகோனிஸ். கார் பத்து அடிக்கு மேல் நீளக் கூடாது, அதற்குள் நான்கு பேர் உட்கார வேண்டும் என்பது அவர் கணக்கு. எஞ்சினை நீளவாக்கில் வைத்தால் கணக்கு உதைத்தது. அதைக் குறுக்காகத் திருப்பினார். கியர்பாக்ஸுக்கு இடம் இல்லை. எஞ்சினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார். பத்து அங்குலச் சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளினார். ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர். 1957 முடிவதற்குள் மாதிரி வண்டி ஓடியது. ஓட்டிப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். 948 சிசி எஞ்சின் அந்தக் குட்டி உடலை மணிக்கு 145 கிலோமீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு பறந்தது.

இங்கேதான் முதல் வேடிக்கை. வேகமாகப் போகிறது என்று மகிழ வேண்டியவர்கள் கவலைப்பட்டார்கள். சாமானியர் ஓட்டும் காருக்கு இவ்வளவு வேகம் ஆகாது என்று முடிவாயிற்று. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரத்தை, அதாவது ஸ்ட்ரோக்கை, 76.2 மில்லிமீட்டரிலிருந்து 68.26 ஆகக் குறைத்தார்கள். கொள்ளளவு 848 சிசி ஆனது. திறன் 34 குதிரை. வேகம் 116 கிலோமீட்டருக்கு இறங்கியது. வளர்ந்த பிள்ளையை வேண்டுமென்றே குனியவைத்துத்தான் 1959 ஆகஸ்ட் 26 அன்று மினி என்ற காரை உலகுக்குக் காட்டினார்கள். விலை ஏறத்தாழ 497 பவுண்டு. தரைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விதம் தலைகீழாகிப் போனதால் முதல் வண்டிகளில் மழைநீர் உள்ளே ஏறிக் கம்பளத்தை நனைத்தது. விற்பனையும் சுறுசுறுப்பாக இல்லை. அந்த நேரத்தில், லண்டனுக்குத் தென்மேற்கே சர்பிட்டன் என்ற ஊரில் ஒரு பட்டறைக்காரர், இந்தக் காரை வேறு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் ஜான். அப்பா சார்லஸ் வைத்திருந்த கார் பட்டறையில் வளர்ந்தவர். 1946-இல் அப்பாவும் மகனும் இரண்டு ஃபியட் டோபொலினோ கார்களின் முன்பகுதிகளை வெட்டி ஒட்டி ஒரு பந்தயக் கார் செய்தார்கள். எஞ்சின் மோட்டார் சைக்கிளுடையது, 500 சிசி. பின்சக்கரத்தைச் செயினால் ஓட்ட வேண்டியிருந்ததால் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். பெரிய தத்துவம் ஏதும் இல்லை, அதுதான் வசதி. அந்த வசதிதான் பந்தய உலகைப் புரட்டிப் போட்டது. 1959-இலும் 1960-இலும் இந்த அப்பா-மகனின் காரில் ஜாக் பிராபம் உலக சாம்பியன் ஆனார். எஞ்சினை முன்னால் வைத்துக்கொண்டிருந்த ஃபெராரி உட்பட எல்லோரும் பின்னால் மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் ஜானை மினியிடம் கொண்டுவந்து சேர்த்தது உலக சாம்பியன் பட்டம் அல்ல. இளையவர்களுக்கான ஒரு சில்லறைப் பந்தயம்.

அதன் பெயர் ஃபார்முலா ஜூனியர். சாதாரணக் கார்களில் ஓடும் எஞ்சினைத்தான் மேம்படுத்திப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஜான் தன் ஜூனியர் கார்களுக்கு ஏ-சீரிஸைத் தேர்ந்தெடுத்தார். மர வியாபாரி கென் டிரெல் அப்படி ஒரு காரை வைத்து ஓர் அணி நடத்தினார். 1960 மார்ச்சில் குட்வுட் மைதானத்தில், மோட்டார் சைக்கிள் சாம்பியன் ஜான் சர்ட்டீஸை அவருடைய முதல் கார் பந்தயத்தில் உட்காரவைத்தார். லோட்டஸ் காரில் வந்த ஜிம் கிளார்க் முதலிடம், சர்ட்டீஸ் இரண்டாமிடம். இருவருமே பின்னாளில் உலக சாம்பியன்கள். சந்தைக்குப் போய்வரப் பிறந்த எஞ்சின் அன்று ஒரு வருங்கால சாம்பியனைச் சுமந்து ஓடியது. அதன் வயிற்றுக்குள் எவ்வளவு பலம் ஒளிந்திருக்கிறது என்பது ஜானுக்குத் தெரிந்துவிட்டது. அதை மினிக்குள் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அவரிடம் ஓர் அனுபவம் இருந்தது.

1959 செப்டம்பரில், இத்தாலியின் மோன்ஸா பந்தயத்துக்கு அவரும் ஓட்டுநர் ராய் சல்வடோரியும் ஒரு மினியிலேயே போனார்கள். அதே பாதையில் ரெஜ் பார்னெல் ஆஸ்டன் மார்ட்டின் டிபி4-இல் கிளம்பியிருந்தார். வளைந்து நெளிந்த சாலைகளைக் கடந்து மினி சுமார் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஜான் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்வார். மோன்ஸாவில் இன்னொரு கூத்து. ஃபெராரியின் பெரிய எஞ்சின்களை வடிவமைத்த அவுரேலியோ லாம்ப்ரெடி மினியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கேட்டார். போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. எங்கேயோ மோதிவிட்டார் என்றே நினைத்தார்கள். திரும்பி வந்தவர், இதுதான் வருங்காலத்தின் கார் என்றாராம். இது மட்டும் இத்தனை அவலட்சணமாக இல்லாதிருந்தால், தான் தற்கொலையே செய்துகொண்டிருக்க வேண்டியதுதான் என்றும் சேர்த்துக்கொண்டாராம். ஜான் நேரே இஸ்ஸிகோனிஸிடம் போய், இதை வேகக் காராக மாற்றலாமா என்று கேட்டார். கிடைத்த பதில் அவரை உட்காரவைத்தது.

முடியாது என்றார் இஸ்ஸிகோனிஸ். இது மக்கள் கார். மாவட்ட நர்ஸும் குமாஸ்தாவும் ஓட்ட வேண்டியது. பந்தயப் பைத்தியங்களுக்கு அல்ல என்பது அவர் கட்சி. இருவரும் நண்பர்கள்தான், ஆனாலும் பெற்றவர் மனம் இறங்கவில்லை. ஜான் சளைக்கவில்லை. அவரைத் தாண்டி நிர்வாகத் தலைமையில் இருந்த ஜார்ஜ் ஹாரிமனிடம் போனார். ஹாரிமனுக்கு நம்பிக்கை பெரிதாக இல்லை. ஆனால் உலக சாம்பியன் காரைக் கட்டிய ஆளைச் சும்மா திருப்பி அனுப்பவும் மனமில்லை. ஒரு மினியைக் கொண்டுபோய் என்ன செய்கிறாயோ செய்து காட்டு என்று அனுப்பிவைத்தார். ஜான் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார்.

அவர் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. எஞ்சினை மாற்றவில்லை. அதே வார்ப்பிரும்பு, அதே ஐந்து துளைகள். ஆனால் அது மூச்சு விடும் வழியெங்கும் கைவைத்திருந்தார். இந்த வித்தைதான் பின்னர் தொழிற்சாலைக்குப் போய் முழு வடிவம் பெற்றது. ஒற்றைக் கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள் வந்தன. காற்று நுழையும் வால்வுகள் பெரிதாயின. வால்வு திறந்திருக்கும் நேரத்தை நீட்டும் புதிய கேம்‌ஷாஃப்ட் வந்தது. மூன்று துளைகளிலிருந்தும் புகை முட்டாமல் தனித்தனியே வெளியேற மூன்று கிளை எக்ஸாஸ்ட் வந்தது. அழுத்த விகிதம் 8.3-இலிருந்து 9-க்கு ஏறியது. எதைக் குறைத்தார்களோ அந்த ஸ்ட்ரோக், இப்போது பழைய அளவையும் தாண்டி 81.28 மில்லிமீட்டர் ஆனது. கொள்ளளவு 997 சிசி. 34 குதிரை 55 ஆயிற்று. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை எட்ட சாதா மினிக்கு 27 வினாடி. இதற்கு 18 வினாடி போதும். ஆனால் ஜான் மிகவும் வற்புறுத்திய மாற்றம் எஞ்சினிலேயே இல்லை.

அது பிரேக். ஓடுகிற வேகத்துக்கு நிற்கிற வலு வேண்டும் அல்லவா? மினியின் சின்ன டிரம் பிரேக்குகள் 55 குதிரைக்குத் தாங்காது என்பது அவருக்குத் தெரிந்தது. பந்தயக் கார்களில் டிஸ்க் பிரேக்கின் அருமையைக் கண்டிருந்தார். சிக்கல் என்னவென்றால், பத்து அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கும் டிஸ்க் பிரேக்கை அதுவரை யாரும் செய்ததில்லை. லாக்ஹீட் கம்பெனி ஏழு அங்குல டிஸ்க் ஒன்றைச் செய்து கொடுத்தது. அது பின்னாளில் போதாது என்று திட்டு வாங்கியது வேறு கதை. காரை ஓட்டிப் பார்த்த ஹாரிமன் அசந்துபோனார். பந்தயத்தில் அனுமதி பெற ஆயிரம் கார்கள் கட்டியாக வேண்டும் என்றார் ஜான். ஆயிரம் காரை எவன் வாங்குவான் என்று மலைத்த ஹாரிமன், கடைசியில் தலையாட்டினார். காருக்கு இரண்டு பவுண்டு ராயல்டி என்று பேச்சு முடிந்தது. பாக்கி இருந்தது, பெயர் வைப்பதுதான்.

சர்பிட்டன் பட்டறையின் பலகையில் இருந்த குடும்பப் பெயரையே எடுத்துக் காரின் பின்புறத்தில் பதித்தார்கள். 1961-இல் அந்தக் கார் விற்பனைக்கு வந்தது. மினி கூப்பர். இன்று சென்னை ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் மின்னும் அந்தப் பெயர், ஒரு ஏழை எஞ்சினுக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்த ஜான் கூப்பர் என்ற பட்டறைக்காரருடையது. ஆயிரம் விற்காது என்று பயந்த முதல் மாடல் சுமார் 25,000 விற்றது. 1962-இல் பாட் மாஸ் என்ற பெண் ஓட்டுநர் அதில் டியூலிப் ராலியை வென்று காட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் எஞ்சின் கிராங்க்‌ஷாஃப்டிலிருந்து ஒரு முனகல் கேட்கத் தொடங்கியிருந்தது.

ஸ்ட்ரோக்கை நீட்டினால் கொள்ளளவு கூடும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிஸ்டன் நெடுந்தூரம் ஓடிவர வேண்டும். கடும் வேகத்தில் நெடிய கிராங்க் வளைந்து கொடுக்கும், அதிரும், சில சமயம் முறியும். பந்தயத்துக்கு நல்லது நேர்மாறான வழி: ஸ்ட்ரோக்கைக் குறுக்கி, சிலிண்டர் விட்டத்தை, அதாவது போரை, அகலமாக்குவது. ஆனால் ஏ-சீரிஸ் பிளாக்கில் சிலிண்டர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. அதிகமாகக் குடைய இடமே இல்லை. பிளாக்கை நீட்டினால் மினிக்குள் நுழையாது. முட்டுச்சந்து என்றுதான் தோன்றியது.

வழி கண்டது ஃபார்முலா ஜூனியர் எஞ்சின்களில் கை பழகியிருந்த கோவன்ட்ரி தொழிற்சாலைக்காரர்கள். எடி மேஹர் தலைமையில் அவர்கள் செய்தது எளிமையான தந்திரம். பிளாக்கின் வெளி அளவைத் தொடவில்லை. உள்ளே சிலிண்டர்களை இடம் மாற்றினார்கள். ஓரத்து இரண்டையும் வெளிப்பக்கம் தள்ளினார்கள். நடு இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்த்தினார்கள். கிடைத்த இண்டு இடுக்கில் போர் 70.6 மில்லிமீட்டருக்கு விரிந்தது. ஸ்ட்ரோக்? சாமானியர் மினியைக் குனியவைக்கக் கண்டுபிடித்த அதே 68.26. வேகத்தைக் குறைக்கப் பிறந்த அளவே இப்போது வேகத்தின் ரகசியமாயிற்று. கிராங்க்கை உறுதியான எஃகில் செய்து நைட்ரஜனில் பதப்படுத்தினார்கள். ஹெட் வேலையில் டவுன்டன் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த டேனியல் ரிச்மண்டின் யோசனைகள் கைகொடுத்தன. துளைகளின் உட்சுவரைச் சீவி, மெருகேற்றி, காற்று தடுக்காமல் ஓடச்செய்வதில் அவருக்கு நிகர் அவரே. 1963-இல் 1071 சிசி, 70 குதிரைத்திறனோடு கூப்பர் எஸ் வந்தது. சாதா மினியைப் போல் இரு மடங்கு பலம். பலப்பரீட்சைக்கு அடுத்த ஜனவரியே நாள் குறித்திருந்தது.

1964 மான்டி கார்லோ ராலி. பாடி ஹாப்கிர்க்கும் ஹென்றி லிடனும் ஒரு சிவப்பு கூப்பர் எஸ்ஸில் சோவியத் யூனியனின் மின்ஸ்க் நகரிலிருந்து கிளம்பினார்கள். எதிரே போ யுங்ஃபெல்டின் ஃபோர்டு ஃபால்கன், 4.7 லிட்டர் வி8. நேர்ச்சாலையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் பனி படிந்த மலைவளைவுகளில் ஃபால்கன் சம்பாதித்த முன்னிலை சொற்பம்தான். எஞ்சின் அளவையும் கணக்கில் எடுக்கும் அந்த ராலியின் புள்ளி முறையில் அது போதவில்லை. வெற்றி மினிக்கு. ஹாப்கிர்க் லண்டன் பலேடியம் நாடக மேடையில் காரோடு நின்றார். நாடே டெலிவிஷனில் பார்த்தது. நர்ஸம்மாவின் கார் ஐரோப்பாவின் கதாநாயகன் ஆகிவிட்டது. அடுத்த மூன்று ஜனவரிகளும் இன்னும் விறுவிறுப்பாக அமைந்தன.

எஞ்சினை மறுபடி நீட்டி 1275 சிசி ஆக்கியிருந்தார்கள், 76 குதிரை. 1965-இல் பனிப்புயல். 237 கார்கள் புறப்பட்டு 35 மட்டுமே முடித்த அந்த ராலியை டிமோ மாக்கினன் மினியில் வென்றார். 1966-இல் முதல் மூன்று இடங்களையும் மினிகளே பிடித்தன. கொண்டாட்டம் அடங்குவதற்குள் அதிகாரிகள் ஹெட்லைட் பல்பைக் காட்டி, விதிப்படி இல்லை என்று மூன்றையும் தகுதி நீக்கம் செய்தார்கள். கோப்பை சிட்ரோயன் காரில் வந்த பௌலி டோய்வோனனுக்குப் போனது. வாங்கிய அவருக்கே அதில் சந்தோஷம் இல்லை. 1967-இல் ரௌனோ ஆல்டோனன் 13 வினாடி வித்தியாசத்தில் கோப்பையைத் திருப்பிக்கொண்டு வந்தார். பனியாலும் மலையாலும் நடுவர்களாலும் வீழ்த்த முடியாத காரை வீழ்த்தியது ஒரு கணக்குப் புத்தகம்.

1968-இல் பிஎம்சி, பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரிய நிறுவனத்தில் கரைந்தது. தலைவர் டொனால்ட் ஸ்டோக்ஸ் செலவுகளைக் கத்தரிக்கத் தொடங்கினார். காருக்கு இரண்டு பவுண்டு எதற்கு என்ற கேள்வி வந்தது. 1971-இல் கூப்பர் உற்பத்தி நின்றது. பெயர் போனது, எஞ்சின் போகவில்லை. சாதா மினிகள் தொடர்ந்து வந்தன, பழைய மினிகள் மலிவாகக் கிடைத்தன. கையில் அதிகம் பணமில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கி, கூப்பர் செய்ததைத் தங்கள் கொட்டகைகளில் செய்துபார்க்கத் தொடங்கினார்கள். வேறு எஞ்சின் மாட்டினால் எளிதில் முடியும் வேலைதான். ஆனால் அதே எஞ்சினை ஓடவைப்பதில்தான் கெத்து என்பது அவர்கள் கொள்கை.

டேவிட் விசார்ட் என்பவர் ஏ-சீரிஸை மேம்படுத்துவதற்கென்றே தடிமனான புத்தகம் எழுதினார். அது மினிக்காரர்களின் வேதம் ஆயிற்று. அதில் முதல் பாடம் மலிவான பாடம். காற்று வடிகட்டியை மாற்றி, எக்ஸாஸ்டை அகலப்படுத்தி, அதற்கேற்ப கார்புரேட்டர் ஊசியை மாற்றுவது. ‘முதல் கட்டம்’ என்ற பெயரில் இன்றும் விற்கப்படும் பொட்டலத்தில் இருப்பது இந்த மூன்றும்தான். பிளாக்கைத் திறக்காமலே இழுவை கூடும். அடுத்த கட்டம் ஹெட்டைக் கழற்றி, வெஸ்லேக் குடைந்த அறைகளையும் அந்த ஐந்து துளைகளையும் சீர்செய்வது. கடைசிக் கட்டம்தான் போரும் ஸ்ட்ரோக்கும். வரிசையை மாற்றிக் கடைசியிலிருந்து ஆரம்பித்தவர்கள் உடைந்த கிராங்க்குகளைச் சேகரித்தார்கள். இதற்கிடையே ஜப்பானில் மினி மோகம் தலைதூக்கியது. ஓய்வுபெற்றுக் கடற்கரையோரம் இருந்த ஜான் கூப்பருக்கு அங்கிருந்து ஆர்டர்கள் வந்தன.

அவர் மறுபடி பட்டறைக்குள் இறங்கினார். இரட்டைக் கார்புரேட்டரும் சீர்செய்த ஹெட்டும் கொண்ட தொகுப்பை உருவாக்கினார். மினியை அப்போது தயாரித்துவந்த ரோவர் கம்பெனி, 1989-இல் அதைத் தன் டீலர்கள் மூலமே விற்க ஒப்புக்கொண்டது. 1990-இல் மினி கூப்பரே 1275 சிசி எஞ்சினோடு மீண்டும் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இரண்டு பவுண்டை மிச்சம் பிடிக்கத் துரத்திய பெயரைப் பத்தொன்பது வருடம் கழித்துக் கம்பெனியே தேடி வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் எஞ்சினுக்கு வயதாகிவிட்டது. புகை விதிகள் இறுகின. 2000 அக்டோபர் 4 அன்று லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து கடைசி மினி வெளியே வந்தது. 5,387,862-ஆவது வண்டி, சிவப்பு நிற கூப்பர். அந்த டிசம்பர் 24 அன்று ஜான் கூப்பர் காலமானார்.

அடுத்த வருடம், மினி என்ற பெயரைத் தன்வசம் வைத்திருந்த பிஎம்டபிள்யூ புதிய மினியைக் கொண்டுவந்தது. உடல் புதிது, எஞ்சின் புதிது, முதலாளி ஜெர்மன்காரர். இருந்தும் விலை உயர்ந்த மாடலின் பின்புறத்தில் பழைய பெயரே இருந்தது. இப்போது கதை இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2024 முதல் மினியின் சின்ன மின்சாரக் காரும் கூப்பர் என்ற பெயரிலேயே விற்பனையாகிறது. கார்புரேட்டர் கிடையாது, வால்வு கிடையாது, மூச்சு விட வேண்டிய சிலிண்டர் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பழைய எஞ்சினைத் தூக்கி எறியாமல் திருத்திய மனிதரின் பெயர், எஞ்சினே இல்லாத காரையும் விற்றுக்கொண்டிருக்கிறது.